பாதியில் நின்ற பதிகம்

ஆனைமுகத்து ஐயனை முதற்கண் வணங்குகிறேன். நஞ்சைத் தான் உண்டு அமுதத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்த நீலகண்டப் பெருமானின் திருவடிகளைச் சென்னிமேல் கொள்கிறேன். அவன் புகழைப் பாடத் தெரிந்த நாவை எனக்கு அருளினான். எதிரே நின்றதைப் பார்க்கத் தெரிந்த கண்ணையும் அருளியே இருந்தான்; அதை ஒரு காலை நேரம் நான் பயன்படுத்தாமல் விட்டேன். அந்தக் குற்றத்தைப் பொறுத்தருள வேண்டி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று மார்கழி மாதத்துத் திருவாதிரை நன்னாள். ஓசூரில் பனி இன்னும் விலகவில்லை. மலைமேல் கோயில் கொண்டிருக்கும் பிறைசூடியின் கோபுர விளக்கு, பால் கலந்த நீருக்குள் இட்ட சுடர்போலத் தெரிகிறது. கம்பெனிப் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு தெருமுனைகளில் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. சென்ற ஆண்டு இதே நாளில், இதே பூசை அறையில் நிகழ்ந்ததுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் பூர்வீகம் தெற்கே, பொருநைக் கரை. நான் ரயில்வேயில் சேர்ந்து ஊர் ஊராக மாறி, கடைசியாகச் சாமல்பட்டியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். மகனும் மருமகளும் ஓசூரில் இரு வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு வந்து சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேத்தி ஒருத்தி. சென்ற ஆண்டு அவளுக்குப் பதின்மூன்று வயது.

ஒன்பதாம் வயதில் அவள் திடீரென்று இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பேருந்து நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சர்க்கரை நோய் என்றார் டாக்டரம்மா. வயதானவர்க்கு வரும் நோய் குழந்தைக்கு எப்படி வரும் என்று நான் வாதாடினேன். இது வேறு வகை, அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இதில் அவள் தின்ற இனிப்புக்கும் பங்கில்லை, உங்கள் வம்சத்துக்கும் பழியில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அன்றுமுதல் ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னும் ஊசி. ஊசி போட்ட கால் மணி நேரத்துக்குள் உணவு. இந்த இரண்டாவது விதியை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார்கள்.

அந்த மருத்துவமனை காய்ச்சலுக்கு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிடும் இடமன்று. முன்கூடத்தில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். எல்லைக்கு அப்பாலிருந்து கன்னடம் பேசும் தாய்மார்கள் வருவார்கள். தெலுங்கு பேசுவோரும் சரிபாதி இருப்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், மாடி அறையில் சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு. அதை நடத்தும் சிஸ்டருக்கு மூன்று மொழியும் ஒரே மூச்சில் வரும். யாரைக் கண்டாலும், “ஊட்டா ஆய்த்தா?” என்பார். சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் நலம் விசாரிக்கும் முறை அது. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் அவர் கேட்கும்போது அது வெறும் முகமன் அன்று. பதில் வரும்வரை நகரமாட்டார்.

பன்னிரண்டு வயது கடந்த பிள்ளைகளுக்கு அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. முதல் பத்து நிமிடம் அவர்கள் டாக்டரம்மாவோடு தனியே பேசவேண்டும். உடன் வந்தவர் வெளியே. முதன்முறை நானும் எழுந்து உள்ளே நடந்தேன். சிஸ்டர் வழிமறித்தார்.

“தாத்தா, நீங்க இப்பிடி குந்துங்க.”

“நான் அவ தாத்தா, அம்மா.”

“தெரியும் தாத்தா. அதான் குந்தச் சொல்றேன். பெரிய பொண்ணாயிட்டா, அவளே பேசிக்குவா. நீங்க உள்ள போனா நீங்கதான் பேசுவீங்க.”

பக்கத்திலிருந்த தாய்மார் இருவர் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரக் கோபம். ஆயினும் உட்கார்ந்தேன்.

அந்த மார்கழியில் பேத்தியின் மனம் முழுவதும் ஒன்றையே பற்றிக்கொண்டிருந்தது. தை கடைசியில், வகுப்பில் மூத்த பிள்ளைகளை ஏலகிரிக்கு மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் கிடையாது. சிஸ்டரும் டாக்டரம்மாவும் வருவார்கள். ஊசி, அளவு, உணவு எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்பது வயதுமுதல் தாயோ தகப்பனோ நானோ இல்லாமல் ஓர் இரவும் தங்கியிராத குழந்தை அவள். பள்ளிச் சுற்றுலா ஒவ்வொன்றையும் எங்கள் அச்சத்தால் இழந்தவள். முகாமுக்குப் போகவேண்டுமானால் சர்க்கரை அளவைத் தினமும் குறிப்பேட்டில் தவறாமல் எழுதி, ஏறினாலும் இறங்கினாலும் காரணத்தையும் எழுதி, டாக்டரம்மாவின் ஒப்புதலைப் பெறவேண்டும். கோடு போட்டு, தேதியிட்டு, அவள் அந்தக் குறிப்பேட்டை எழுதிய நேர்த்தியைப் பார்த்து, இவள் ரயில்வேக்குப் போகலாம் என்று நான் பெருமைப்பட்டதுண்டு.

திருவாதிரைக்கு முந்திய வகுப்பில், களி சாப்பிடலாமா என்று அவள் கேட்டாள்.

“களியா? தாராளமா தின்னு. ராகி நல்லது” என்றார் சிஸ்டர்.

“ராகி இல்ல சிஸ்டர். அரிசி வறுத்து, வெல்லம் போட்டு, நெய் ஊத்தி…”

“அட சாமி! வெல்லம் போட்டா அது களியா? அது பாயசத்துக்கு அக்கா!” என்றவர், உட்கார்ந்து கணக்கிட்டு, ஒரு சின்னக் கிண்ணம், அதற்கு இத்தனை யூனிட், கூடவே குழம்புக் காய் நிறைய என்று எழுதிக்கொடுத்தார். அவள் அந்தத் துண்டுச்சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள்.

அன்று அரையாண்டு விடுமுறை. மருமகள் நான்கு மணிக்கே எழுந்து களியும் ஏழு காய்க் குழம்பும் செய்துவைத்துவிட்டு, ஆறரைக் கம்பெனிப் பேருந்தில் போய்விட்டாள். மகன் அதற்கும் முன்பே போயிருந்தான். வீட்டில் நானும் பேத்தியும்.

எங்கள் வீட்டில் நிவேதனம் ஆகாமல் யாரும் பல்லில் ஒரு பருக்கை வைப்பதில்லை. என் தந்தையார் காலத்து ஒழுங்கு. நான் வழுவாமல் காத்தது. நான் குளித்து, நீறு பூசி, விளக்கேற்றிப் பாடத் தொடங்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள்.

“தாத்தா, ஊசி போட்டுட்டேன். கால் மணி நேரந்தான்.”

“ஒரே பதிகம் கண்ணு. அப்புறம் தீபாராதனை. அவ்வளவுதான். வா, மணியை எடு.”

பாடினேன். ஆடவல்லானை அன்று பாடாமல் என்று பாடுவது? பனி, கற்பூர மணம், குழந்தையின் கைமணி. பதிகம் முடியும் தறுவாயில் மணியோசை தாளம் தப்பியது. கண்ணால் கடிந்தேன். ஓசை மறுபடி நேரானது, மறுபடி தப்பியது. திரும்பிப் பார்த்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஓசூர்ப் பனியில், நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கண்கள் கலங்கி, எங்கோ நிலைத்திருந்தன.

மெய் நடுங்குதலும், வியர்த்தலும், கண் பனித்தலும், சொல் குழறுதலும் அடியாருக்கு அடையாளம் என்று ஐம்பது ஆண்டுகளாகப் படித்தவன் நான். படித்ததை அவள்மேல் ஏற்றிக்கொண்டேன். என் பேத்திக்கு அந்த நிலை வாய்த்தது என்று எண்ணினேன். என் நெஞ்சு நிறைந்தது. என்னையும் அறியாமல் இரண்டாம் பதிகத்தை எடுத்தேன்.

 இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் பாட்டில் மணி தரையில் விழுந்தது. அது அவள் காலடியிலேயே கிடந்தது. அவளோ, “தாத்தா, மணி எங்க? மணிய யாரு எடுத்தா?” என்று வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டாள். சுவரில் சாய்ந்து சரிந்தாள்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதுதான் விளங்கிற்று. களிக் கிண்ணத்துக்குப் போன கை, சிஸ்டர் வகுப்பில் சொன்னது நினைவு வந்து பின்வாங்கியது: சோறும் இட்டிலியும் மெதுவாகத்தான் ஏறும், முதலில் சர்க்கரை. பஞ்சபாத்திரத்துத் தீர்த்தத்தில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, மிடறு மிடறாகக் குடிக்கச் செய்தேன். விரலில் குத்தி அளந்தேன்; எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. நாற்பத்தெட்டு. கால் மணி நேரம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். வாழ்நாள் முழுதும் கடிகாரம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன், வேண்டிய ஒரு காலையில் மட்டும் அதற்கு முதுகு காட்டி நின்றிருந்தேன். மறுபடி அளந்தபோது எண்பத்தொன்று. அவள் முகத்தில் அவள் திரும்பி வந்தாள்.

களியைச் சாப்பிட்டபடியே சொன்னாள்: “அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா. சொன்னா முகாமுக்கு விடமாட்டாங்க.”

“சொல்லல கண்ணு” என்றேன். அவளுக்காக என்றுதான் அப்போது என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். அவள் குறிப்பேட்டோடு உள்ளே போனாள். நான் வெளியே. பத்து நிமிடம் இருபது ஆயிற்று. வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் குறிப்பேட்டை என் பையில் வைத்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“இந்த வருஷம் முகாம் வேணாமாம். அடுத்த வருஷம் பாக்கலாமாம்.”

“ஏன்?”

“சும்மாதான். வாங்க, போலாம். பசிக்குது.”

பசி என்றால் எழுந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். நான் எழவில்லை. குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். திருவாதிரை நாளில் நாற்பத்தெட்டு என்று எழுதி, சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். காரணம் என்ற கட்டத்தில் அவளுடைய குண்டு குண்டான எழுத்தில்: ‘ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துவிட்டேன்.’

நிலையங்களில் ஒரு பதிவேடு உண்டு. வண்டி நின்றால் எத்தனை நிமிடம், எதனால் என்று எழுதவேண்டும். யார் தவறோ அவர் பெயரில்தான் எழுதவேண்டும். தன் தவறைத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தலையில் எழுதிய ஓர் உதவியாளரைப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தி எழுதவைத்தவன் நான். என் கண்முன் இப்போது ஒரு பொய்க் காரணம். அதை எழுதியவளுக்குப் பதின்மூன்று வயது. காப்பாற்றப்பட்டவன் நான். அதற்கு விலையாக அவள் கொடுத்தது ஏலகிரியை.

எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

“தாத்தா, உள்ள வேற பேஷண்ட் இருக்காங்க” என்றார் சிஸ்டர்.

“அவங்க வெளிய வந்ததும் போறேன் அம்மா. அதுவரைக்கும் உங்ககிட்ட சொல்றேன். அந்த நாற்பத்தெட்டு என்னால வந்தது.”

முன்கூடம் நிறைந்திருந்தது. குரல் தாழ்த்தத் தோன்றவில்லை. பதிகத்தைச் சொன்னேன். இரண்டாம் பதிகத்தையும் சொன்னேன். நடுக்கத்தையும் வியர்வையையும் பக்தி என்று எண்ணியதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“தாத்தா, உங்க சாமிக்குச் சுகர் இருக்குதா?”

“என்னம்மா?”

“இல்லதான? ஊசி ஏதாச்சும் போட்டுக்கிறாரா? அப்ப அவரு ஒரு அரைமணி நேரம் பொறுத்துக்குவாரு. இவளால முடியாது.”

அப்போது சிரித்தார்கள். என் பேத்தியும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றிருந்தது; அதே கணத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே அழைத்தார். முழுவதும் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார்.

“ஏன் அன்னைக்கே நிறுத்துங்கன்னு சொல்லல?”

அவள் காலால் தரையைத் தேய்த்தாள். “பாடும்போது தாத்தா அழுவாரு மேடம். நடுவுல எப்பிடிச் சொல்றது?”

நான் பாடும்போது அழுவது எனக்கே தெரியாது.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். “நீ மறக்கலன்னு தெரிஞ்சது, சந்தோஷம். ஆனா இது அதவிடக் கஷ்டம். முகாம்ல விளையாட்டு நடக்கும், நான் பேசிட்டிருப்பேன், பெரியவங்க யாராவது வேலை சொல்லுவாங்க. உனக்கு இறங்குதுன்னா எல்லாத்தையும் நிறுத்தச் சொல்ல வாய் வரணும். உங்க தாத்தாவையே நிறுத்த முடியலன்னா, என்னை எப்பிடி நிறுத்துவே?” பிறகு என்னைப் பார்த்தார். “உங்களுக்கு நீளமான பூசை என்னிக்கு?”

“திங்கட்கிழமை.”

“வர்ற திங்கட்கிழமை நீங்க வழக்கம்போல பாடுங்க. இவ அம்மா கடிகாரத்தோட பக்கத்துல இருக்கட்டும். இவ உங்களை நிறுத்தணும். நீங்களா நிறுத்தினா அது கணக்குல வராது. நிறுத்தினாளான்னு அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லுங்க. அப்புறம் முகாமப் பத்தி முடிவு பண்ணலாம்.”

புறப்படுமுன் ஓர் அனுமதி கேட்டேன். அவருடைய மேசைமேல் குறிப்பேட்டை வைத்து, அந்தப் பொய்யைக் கோடிட்டு அடித்து, அருகில் எழுதினேன்: ‘தாத்தா பூசையை நீட்டியதால் உணவு தாமதம்.’ கீழே என் கையெழுத்து.

அன்று மாலை மருமகள் வேலையிலிருந்து வந்ததும் அவளிடமும் சொன்னேன். அவள் மதிய உணவு டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கழுவி முடித்த டப்பாவை மறுபடி கழுவினாள்.

“அவ கேட்டுக்கிட்டதால சொல்லலன்னீங்க. சரி மாமா. அவ கொழந்தை. நீங்க?” என்றாள்.  

திங்கட்கிழமை வந்தது. மருமகள் இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, பூசை அறை வாசலில் ஒரு கையில் கைப்பேசிக் கடிகாரமும் மறுகையில் சர்க்கரை நீருமாக நின்றாள். பேத்தி ஊசி போட்டுக்கொண்டு மணியை எடுத்தாள். நான் தொடங்கினேன். ஒரு பதிகம் ஆயிற்று. நிறுத்தவேண்டும் என்று உடம்பு முழுதும் துடித்தது, கட்டளை வேறு. அடுத்ததை எடுத்தேன். பின்னாலிருந்து, “தாத்தா…” என்று ஒரு குரல், எறும்பு ஊர்வதுபோல. பாடிக்கொண்டே போனேன். கண்ணீர் வந்தது, பாட்டினால் அன்று, அச்சத்தினால். மறுபடி, “தாத்தா.” இம்முறை சற்று உரக்க. நான் நிறுத்தவில்லை. பெருமானே, அவளுக்கு வாய் கொடு என்று பாட்டுக்கு உள்ளே இன்னொரு பாட்டாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது மணி அடித்தது. தாளத்துக்கு அன்று, தீப்பிடித்த வீட்டில் அடிப்பதுபோல, நில்லாமல், காது அடைக்கும்படி.

“தாத்தா, போதும்! நிறுத்துங்க! எனக்கு இட்லி வேணும்!”

நிறுத்தினேன். ஓர் அடியின் முற்பாதி வாயைவிட்டுப் போயிருந்தது. பிற்பாதி தொண்டையிலேயே நின்றது. ஐம்பது ஆண்டுகளில் ஒரு பதிகத்தை இடையில் நிறுத்தியவன் அல்லேன். விளக்கு அசையவில்லை. பெருமான் திருமுகத்தில் இருந்த முறுவல் இருந்தபடியே இருந்தது. மருமகள் தட்டை நீட்டினாள். பூசை அறை வாசலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, நிவேதனம் ஆகாத நான்கு இட்டிலியைப் பேத்தி தின்றாள். நான் நின்றபடி பார்த்தேன்.

தான் நஞ்சை விழுங்கிப் பிறரை உண்ணவைத்தவன் அவன். ஒரு குழந்தை தனக்கு முன்னால் உண்டாள் என்று அவன் முகம் சுளிப்பான் என நான் இத்தனை காலம் எதைப் படித்து எண்ணினேன்? என் தந்தையாரின் ஒழுங்கு பொய்யன்று. பசித்திருக்கக் கூடியவருக்கு அது உரியது.

அவள் விரல்களை நக்கிவிட்டு, “ஆச்சு தாத்தா. நீங்க எங்க விட்டீங்களோ அங்கேருந்து பாடுங்க” என்றாள். விட்ட இடம் எனக்கு நினைவில்லை. முதலிலிருந்து பாடினேன்.

அவள் ஏலகிரிக்குப் போய்வந்தாள். அங்கே இரண்டாம் நாள் ஏதோ போட்டியின் நடுவில் கையை உயர்த்தி டாக்டரம்மாவின் பேச்சை நிறுத்திவிட்டாளாம். எழுபது இருந்ததாம். சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு, “உங்க பேத்திக்கு வாய் ஜாஸ்தி ஆயிடுச்சு தாத்தா” என்று குறை சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

இதோ, பனி விலகுகிறது. சமையலறையிலிருந்து களியின் நெய் மணம் வருகிறது. ஓராண்டாக விளக்கேற்றுமுன் நான் கேட்கும் முதல் வாசகம் ஒன்று உண்டு. என் தாய்மொழியில் இல்லாதது. “ஊட்டா ஆய்த்தா, கண்ணு?” உள்ளிருந்து வாய் நிறையக் களியோடு அவள் ஆயிற்று என்கிறாள். இனி நான் பாடப்போகிறேன்.

இதைப் படிக்கும் உங்கள் இல்லங்களில் குழந்தைகள் வேளைக்கு உண்டு, நோயின்றி வளர்க. நோயோடு வளரும் குழந்தைகளுக்கு, போதும் என்று சொல்லும் வாயும், சொன்னதும் நின்று கேட்கும் பெரியோரும் வாய்க்க. பிறைசூடிய பெருமான் உங்கள் அனைவரையும் தன் குளிர்ந்த நிழலில் வைத்துக் காப்பானாக.